நாலாவது மாடியில் பெய்த பூனை மணல்

அன்று காலை சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் மழை இல்லை. ஒரு புளோக்கின் நாலாவது மாடியில் மட்டும் பெய்தது... அதுவும் மணல்.

மர்யம் சமையலறைச் சுவரில் இருந்த குப்பைக் குழாயின் இரும்பு மூடியை இழுத்துத் திறந்தாள். பழைய அடுக்குமாடி. பன்னிரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே குழாய். மேலே போடுவது ஒவ்வொரு வீட்டுச் சமையலறையையும் கடந்துதான் கீழே போகும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். கறுப்புச் சீருடை, தலையில் கறுப்புத் துடோங் முக்காடு, கையில் வெங்காயத் தோல் கட்டிய சின்னப் பை. சரியாக அந்த நொடியில் மேலே யாரோ ஒரு பெட்டியை அப்படியே கவிழ்த்தார்கள்.

சர்ர்ர்...

மணல் கீழே வந்தது. தூசி வெளியே வந்தது. வழியில் மர்யமின் முகம் இருந்தது.

இருமி முடித்தபோது அவள் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தாள். உள்ளங்கையில் ஈரமான ஓர் உருண்டை தங்கியிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் முகர்ந்தாள்; தொழில் பழக்கம்.

பூனை.

படியேறினாள். ஐந்தாவது மாடி ஞானசேகரன் அங்கிள் தன்னிடம் இருப்பது நாய்தான் என்று சொல்லி, நாயையே கூப்பிட்டு நிரூபித்தார். ஆறாவது மாடிச் சீன ஆன்ட்டி விரலை மட்டும் மேலே தூக்கினார். ஏழாவது மாடியில் விசாரணைக்கே அவசியம் இருக்கவில்லை. இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் குற்றவாளி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம், அகலமான முகம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற பார்வை.

கதவைத் திறந்தவன் அதீஃப். கையில் பூனை கழிக்கிற மணல் பெட்டி, காலியாக.

முறைப்படி இந்த இடத்தில் அதீஃப் அவள் அழகைக் கண்டு திகைத்திருக்க வேண்டும். வழியில்லை. மூக்கு எது, கன்னம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. கண்கள் மட்டும் தெரிந்தன... மழைக்கு ஐந்து நிமிடம் முன்னால் பகல் வானம் கறுத்து மின்னுமே, அப்படி. வலது இமையில் ஒரு மணல் துகள் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

"நாலாவது மாடிக்கு வந்துச்சு. இது உங்களோடதா?" அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

அவன் குனிந்து ஆராய்ந்தான். "நல்லா கட்டி பிடிச்சிருக்கு. அப்ப எங்களோடதுதான்."

"பையில போட்டுக் கட்டித்தான் குழாய்ல போடணும்னு தெரியாதா?"

"பிளாஸ்டிக்கக் குறைக்கலாம்னு..."

"பூமியக் காப்பாத்த என் மூஞ்சிதான் கெடைச்சுதா?"

அதீஃப் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தான். வாடிக்கையாளர்களிடம் அந்த நிறுவனம் நான்கு மொழிகளில் வருத்தம் தெரிவிக்கும். அதில் தமிழில் வருந்துவது அவன் பொறுப்பு. ஆகவே வாயைத் திறந்ததும் அதுவாகவே வந்தது.

"தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

"ஏற்பட்டிருக்கக்கூடியவா? பாத்தா தெரியல?"

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதீஃபின் உம்மா, சாயிரா பானு.

"யாரா இருந்தாலும் உள்ள வரச் சொல்லு! வந்து என் முசல்லாவ மோந்து பாக்கட்டும்! ரெண்டாவது தடவை! தொழுவுற விரிப்புல! அந்த நாத்தத்துக்கு எவ்வளவுதான் சாம்பிராணி போடுறது நான்? இன்னொரு தடவை ஈரத்தப் பாத்தேன்... தவுக்கே நேரா நசீர் வீட்டுக்குப் பார்சல். சொல்லிட்டேன்!"

"தவுக்கே யாரு?" என்றாள் மர்யம்.

அதீஃப் பூனையைக் காட்டினான். முதலாளி என்ற பெயருக்கு ஏற்ப அது கொட்டாவி விட்டது.

"நசீரு?"

"எங்க நானா, மூத்தவரு. புக்கிட் பாஞ்சாங்ல இருக்காரு. மூணு பிள்ளைங்க. மூணுக்கும் வாலப் புடிச்சு இழுக்கப் புடிக்கும்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்தால் வாய்க்குள் மணல் போகும் என்பதால் சிரிக்கவில்லை. திரும்பி நடந்தாள். இமையில் இருந்த துகள் கடைசி வரை விழவில்லை. அவன்தான் விழுந்திருந்தான். அந்தத் தகவல் அவனுக்கே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

மாலையில் அவள் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. 'மேற்படி சம்பவம் தொடர்பாக எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவுசெய்வதோடு...' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. மர்யம் இரண்டு தடவை படித்தாள். யார் எதைச் செய்தார்கள் என்பதே அதில் இல்லை. சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'மணலைக் கொட்டியது நான். மன்னிச்சிருங்க. இவ்வளவுதான் எழுதணும்.' அதோடு ஒரு தாளையும் இணைத்து, ஏழாவது மாடிக் கதவிடுக்கில் சொருகிவிட்டு வந்தாள்.

அந்தத் தாளை சிங்கப்பூரில் பார்க்காதவர் கிடையாது. பேரங்காடிக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்குமே, அதேதான். தேதி, நேரம், சுத்தம் செய்தவர், குறிப்பு, மேற்பார்வையாளர் கையொப்பம். மர்யம் நகருக்குள் ஒரு மாலில் கழிப்பறைத் தூய்மை மேற்பார்வையாளர். நாற்பது கழிப்பறை. இருபத்தைந்து வயதில் தன் அதிகாரத்தின் கீழ் நாற்பது கதவு வைத்திருப்பவர்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை என்பது அவள் கணக்கு. பெண் கேட்டு வருகிறவர்களின் கணக்கு வேறாக இருந்தது. வேலை என்ன என்று கேட்டதும் அவர்கள் டீக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள்.

தாளின் தலையில் எழுதியிருந்தாள்: 'பெட்டிக்கு மேல ஒட்டுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை அள்ளணும். சனிக்கிழமை வந்து பாத்து சைன் பண்ணுவேன். இல்லேன்னா நகர மன்றத்துக்கு போன்.'

அதீஃப் ஒட்டினான். போன் பயத்தால் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

அவனுக்கு உண்மையான பயம் வேறு. வாப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் முதல் ஆறு மாதம் உம்மா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாள். சாப்பிடு, கதவைப் பூட்டு, லைட்டை அணை... அவ்வளவே. பிறகு ஒரு மழை நாளில் மாடிப்படியில் நனைந்துகொண்டிருந்த இந்தப் பூனையை அவன் தூக்கி வந்தான். அன்றைக்கு உம்மா தொடர்ந்து நாற்பது நிமிடம் திட்டினாள். கதவுக்கு வெளியே நின்று அவன் முழுவதையும் கேட்டான். வீட்டுக்குள் மறுபடியும் மனிதக் குரல். பூனைக்கு உரிமம் வாங்கினான், ஜன்னலுக்கு வலை அடித்தான். தவுக்கே போய்விட்டால் திட்டும் போய்விடும். அப்புறம் அதே பத்து வார்த்தைதான்.

முதல் சனிக்கிழமை அவள் வந்தாள். சோதனைக்குப் போகத் துடோங்கை ஏன் இஸ்திரி போட்டோம் என்று லிஃப்டில் யோசித்தாள்... மேற்பார்வையாளர் நேர்த்தியாக இருக்க வேண்டும், அதனால்தான்.

முகம் கழுவிய மர்யமை அதீஃப் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். வலது கன்னத்தில் சின்ன மச்சம். அதையும் மணல் என்று நினைத்து, "இன்னும் ஒண்ணு ஒட்டியிருக்கு" என்றான்.

"அது பொறந்ததுலேர்ந்தே ஒட்டியிருக்கு."

"வருந்துகி..."

"ஆரம்பிக்காதீங்க லா."

துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டி. அவள் குந்தி உட்கார்ந்து, சல்லடைக் கரண்டியால் ஒரு மூலையைக் கிளறினாள்.

"மணல் மூணு விரல் ஆழம் இருக்கணும். இது ஒரு விரல்தான்."

"என் விரலா, உங்க விரலா?"

"பூனை விரல்! லெமன் வாசனை வருதே, என்னா ஊத்துனீங்க?"

"தரை தொடைக்கிற லோஷன். வாசனையா இருந்தா தவுக்கேவுக்குப் புடிக்குமேன்னு..."

"நமக்கு ஒரு மூக்கு. அதோட ஒரு மூக்கு அம்பது மூக்குக்குச் சமம். உங்கள லெமன் டிரம்முக்குள்ள உக்கார வச்சா உங்களுக்கு வருமா?"

இந்தக் கேள்விக்கு ஓர் ஆண் கண்ணியமாகச் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. அதீஃப் தரையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அடுப்படியில் உம்மா கரண்டியை நிறுத்திக் காது கொடுத்தாள். மகன் வீட்டுக்குள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை சோதனை ஒரு மணி நேரம் நீண்டது. பெட்டி இரண்டடிக்கு ஒன்றரையடி. ஒரு மணி நேரம் பார்க்க அதில் எதுவுமே இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை கெட்டது.

தாளைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. "இது ஒரே நாள்ல எழுதுனது."

"எது?"

"ஞாயிறுலேர்ந்து வெள்ளி வரைக்கும். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. திங்கக்கிழமை எட்டு மணி. செவ்வாக்கிழமை எட்டு மணி. நெஜமா சுத்தம் பண்ற மனுஷனுக்கு நாளுக்கு நாள் வேற வேற நேரம்தான் அமையும்... எட்டே கால், எட்டு அம்பது. ரவுண்டா எட்டு மணி எழுதுறவன் பொய் எழுதுறான்."

உண்மை. ஆபீசில் ஆண்டு முடிவு. ஆயிரம் பேருக்கு வருந்த வேண்டியிருந்தது. பாதி நாள் அவன் அள்ளவே இல்லை. ஒப்புக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காது சூடானது.

"ஹலோ, இது பூனை டாய்லெட்டுங்க. உங்க மால் டாய்லெட் இல்ல, இந்த அளவுக்கு சீன் போட."

அவள் பேனாவை மூடினாள். அந்த 'டக்' சத்தம் கேட்டவுடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன பயன்...

"என்கிட்ட வேலை பாக்குற அக்காமாருங்க பொய்யா ஒரு வரி எழுதுனா வேலை போயிரும்" என்றாள் அமைதியாக. "அதனால எழுத மாட்டாங்க. என் வேலையக் கேலி பண்றவங்க நெறைய பேரு இருக்காங்க. நீங்க கியூவுல கடைசி. போய் நில்லுங்க."

கையெழுத்துப் போடாமலே போனாள். லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீக் கோப்பையைத் தள்ளி வைத்தவர்கள் யார் மீதும் அவளுக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை. இவன் மீது மட்டும் ஏன்... என்ற கேள்வி நாலாவது மாடி வரை கூடவே வந்தது.

அந்த வியாழன் மாலை உம்மா தொழுகை விரிப்பில் கால் வைத்தாள். ஈரம்.

இந்த முறை கத்தவில்லை. அதுதான் அதீஃபைப் பயமுறுத்தியது. போனை எடுத்தாள். "நசீர், அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிஞ்சு வந்து பூனையத் தூக்கிட்டுப் போ." எண்ணிப் பார்த்தான். ஒன்பது வார்த்தை.

அதன்பின் ஒரு வாரம் அதீஃப் ஒழுங்காக அள்ளினான். எட்டே கால், எட்டு அம்பது, ஒரு நாள் ஏழு நாற்பத்திரண்டு. பிறகு உட்கார்ந்து, பொய் எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஆரம்பத்திலிருந்து உண்மையை எழுதினான். வருத்தம் தெரிவிக்காமல் அவன் தமிழில் எழுதிய முதல் ஆவணம் அதுவே.

அடுத்த வியாழன் மதியம் மழை பிடித்துக்கொண்டது. தேக்காவைத் தாண்டுவதற்குள் குடை வளைந்து போனது. பூக்கடைத் தார்ப்பாய்களுக்கு அடியில் ஓடி ஓடி, மாலின் மூன்றாவது மாடியில் பெண்கள் கழிப்பறை வாசலுக்கு வந்து நின்றான். பெண்கள் கழிப்பறைக்கு வெளியே சொட்டச் சொட்ட நிற்கும் ஆணை இந்த நகரம் எப்படிப் பார்க்கும் என்பதை அங்கே முழுமையாகத் தெரிந்துகொண்டான்.

மர்யம் வெளியே வந்தாள். கையில் அட்டை, துடோங்கில் செருகிய பேனா.

"ஆம்பளைங்க பக்கம் அந்தப் பக்கம்."

"நான் பேசுனது தப்பு" என்றான். "உங்க வேலையச் சொன்னது. அந்த வாரம் நான் அள்ளல. பொய்யா எழுதுனேன். நாளைக்கு நசீர் நானா வந்து அவரத் தூக்கிட்டுப் போயிருவாரு. சைன் கேட்டு வரல... நீங்க ஒரு தடவை படிச்சா போதும்."

சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த தாளை எடுத்தான். அவன் நனைந்திருந்தான், தாள் நனையவில்லை. அதை அவள் கவனித்தாள்.

படித்தாள். 'வியாழன் 7.50: விரிப்பில் போய்விட்டது. துவைத்து ஹேர் டிரையரில் காயவைத்தேன். உம்மா பார்க்கவில்லை.' 'சனி: அவங்க வந்தாங்க. பெட்டி நன்றாக இருந்தது.' 'திங்கள்: அள்ளவில்லை. சோம்பல்.' 'செவ்வாய்: அள்ளியதாகச் சொன்னேன். அள்ளவில்லை.' 'வியாழன் 7.45: மறுபடி விரிப்பு. மேலே டீயைக் கொட்டி, நான்தான் கொட்டினேன் என்றேன்.' 'வியாழன் 7.40: உம்மா மிதித்துவிட்டார்கள்.'

உதட்டில் வந்த சிரிப்பைக் கடித்து நிறுத்தினாள். பிறகு அவள் விரல் மேலும் கீழும் ஓடியது.

"எல்லாமே வியாழக்கெழமை."

"என்னா?"

"நீங்க அள்ளுன வாரமும் சரி, அள்ளாத வாரமும் சரி... மத்த நாள்ல பெட்டிக்குத்தான் போயிருக்கு. வியாழக்கெழமை மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் மட்டும் போகல. வியாழக்கெழமை உங்க வீட்டுல என்னா நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காதே... உம்மா சாம்பிராணி போடுவாங்க. அவ்வளவுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"பெட்டிகிட்டயுமா?"

"அங்கதான் ரொம்ப நேரம்..."

அதீஃபின் முகத்தில் மகிழ்ச்சி வந்த வேகத்தில் போனது. "உம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது. அது வாப்பா பழக்கம். அவரு இருந்த வரைக்கும் வாரா வாரம் அவருதான் வீடு முழுக்க சட்டியத் தூக்கிட்டுப் போவாரு. இப்ப உம்மா தூக்குறாங்க. அதை நிறுத்தச் சொன்னா..."

மர்யம் தாளை அட்டையில் செருகினாள். "அஞ்சரைக்கு வேலை முடியும்" என்றாள்.

அன்று மாலை ஏழாவது மாடியில் சாம்பிராணி மணத்தது. உம்மா ஸ்டீல் சட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய், கடைசியில் மெஷின் பக்கம் வந்தாள். பெட்டிக்கு முன்னால் மர்யம் குந்தியிருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமி."

"வ அலைக்கும் ஸலாம். தள்ளிக்கம்மா, புகை படும். இங்கதான் நல்லா போடணும். வீட்டுக்கு வர்றவங்க, இந்த வீட்டுல ஆம்பள போனதும் நாத்தம் புடிச்சுப் போச்சுன்னு சொல்லிறக் கூடாது பாரு."

மகன் தலை குனிந்தான். இரண்டு வருடத்தில் உம்மா இதைச் சொன்னதே இல்லை.

மர்யம் சட்டென்று பெட்டிமேல் குனிந்து, மூக்கை மணலுக்கு அரை அடி தூரம் கொண்டுபோய் ஆழமாக மூச்சை இழுத்தாள். உம்மா பதறிப்போனாள்.

"யா அல்லாஹ், என்னா புள்ள பண்றே!"

"நாத்தம் இல்ல மாமி. ஒரு நாளைக்கு நாப்பது டாய்லெட்ட மோந்து பாக்குற மூக்கு இது. சம்பளம் குடுத்து நம்புறாங்க. நீங்களும் நம்பலாம்." அவள் எழுந்தாள். "புகையப் பாத்தா இவருக்குப் பயம். உள்ள எறங்க முடியாம, வீட்டுலயே மெத்துன்னு எது இருக்குன்னு தேடி விரிப்புக்கு வந்துர்றாரு. சாம்பிராணி போடுங்க மாமி, வீடு முழுக்கப் போடுங்க. இந்த ஒரு மூலைய மட்டும் விட்டுருங்க."

உம்மா சட்டியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த தாளையும் பார்த்தாள். பிறகு திரும்பி, சட்டியை வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். மின்விசிறியைப் போட்டாள். விரிப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். நம்பிக்கை வேறு, பூட்டு வேறு.

மூன்று பேரும் கூடத்தில் காத்திருந்தார்கள். ஏழு இருபது. தவுக்கே சோபாவுக்கு அடியிலிருந்து வந்தார். மூலையை முகர்ந்தார். போய்விட்டார். ஏழு முப்பது. மறுபடி வந்தார். வெளியே தூறல். மர்யமும் அதீஃபும் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு தலையணை இடைவெளியில், உட்கார்ந்திருந்தார்கள்.

கரக்... கரக்... கரக்...

மணலைத் தோண்டும் சத்தம். உலகத்தில் காதலர்கள் எத்தனையோ இசையைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கு வாய்த்தது இது.

உம்மா போனை எடுத்தாள். "நசீர்... நாளைக்கு வர வேணாம். ஏனா? ஏன்னா கேக்குற? ஒரு வாயில்லா ஜீவன் புகையில மூச்சு முட்டி நின்னுருக்கு, பெத்த தாயி எனக்கே தெரியல, உங்க யாருக்காச்சும் தோணுச்சா? உன் பிள்ளைங்க என்னடான்னா வாலப் புடிச்சு..." அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தது. அதீஃப் வார்த்தைகளை எண்ணுவதை நிறுத்தினான்.

எழுந்து போய் அள்ளினான். பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். சுவரில் இருந்த தாளில் எழுதினான்: 'வியாழன். 7.42.' குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தொழில் பழக்கத்தில் 'தங்களுக்கு' என்று தொடங்கி, அடித்தான். மறுபடி எழுதினான். பேனாவை, பின்னால் வந்து நின்ற அவளிடம் கொடுத்தான்.

மர்யம் படித்தாள். 'உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. பெட்டிக்காக இல்லை.'

மின்விசிறி காற்றில் தாள் படபடத்தது. அவள் அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் குரல் வரவழைக்கப் பார்த்தாள்... பாதிதான் வந்தது.

"இதுவும் ஒரே மூச்சுல எழுதுனதா?"

"இல்ல" என்றான் அதீஃப். "நாலு வாரம், அஞ்சு நாள் ஆச்சு."

ரவுண்டாக இல்லை. அதனால் உண்மை.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் மிச்சமிருந்த கொஞ்சம் இடத்தில் சிறிய எழுத்தில் எழுதினாள்: 'எனக்கும்.' நிமிரவில்லை. கன்னத்து மச்சம் சிவப்பில் தனியாகத் தெரிந்தது.

"கையெழுத்துப் போட்டது போதும்!" அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல். "ரெண்டு பேரும் கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க. சோப்புப் போட்டு!"

அவர்களுக்குப் பின்னால் தவுக்கே, சுத்தமான மணலைப் பார்த்ததும் திருப்தியோடு மறுபடியும் பெட்டிக்குள் இறங்கினார். கரண்டியை எடுக்க இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன.